நாக்கண்ணனின் நாக்கு

சித்தி வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. மழை பெய்து ஓய்ந்த மத்தியான நேரம். சித்தப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. வேலை நாளில் வீட்டில் இருந்து பழக்கமில்லாததால், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர்களுடைய ஒரே மகள், ஆறு வயதுக் குட்டி, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். தங்கையையும் பிள்ளையையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போக என் அம்மா வாடகை வண்டி பிடித்து வந்திருந்தாள். நானும் கூட வந்திருந்தேன்.

துணிப்பை வாசலில் இருந்தது. சித்தப்பா குனிந்து அதைத் தூக்கப் போனார்.

"விடுங்க. நீங்க தொட வேணாம்" என்றாள் சித்தி.

"இப்பத்தான் குளிச்சேன்."

"சட்டை?"

அவர் தன் சட்டையைப் பார்த்தார். துவைத்த சட்டைதான். ஆனால் வேலைச் சட்டையோடு ஒரே வாளியில் ஊறிய சட்டை. சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். பையை அம்மா தூக்கினாள். குட்டி போகிற போக்கில் அவர் விரலைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளுக்கு அது விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். பின்னால் போய்ப் பிடிக்கப் பார்த்தாள். அவர் சுற்றினார், அவளும் சுற்றினாள், சிரித்தாள். சித்தி பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

சித்தப்பாவுக்குப் பெயின்ட் சுரண்டும் வேலை. புதுப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பழையதை எடுக்க வேண்டும் அல்லவா, அந்த வேலை. கதவு, ஜன்னல், கைப்பிடிக் கம்பி, இரும்புத் தூண், சாரம் கட்டி ஏறினால் எட்டுகிற எல்லாம். "அடிக்கறவன் பேரு சுவத்துல நிக்கும், சுரண்டறவன் பேரு தூசியோட போயிடும்" என்று அவரே சொல்வார். அவர் பெயர் மட்டும் போகவில்லை. அவரோடு வேலை செய்த கூட்டத்தில் எல்லோரும் அவரை நாக்கண்ணன் என்று கூப்பிட்டார்கள்.

காரணம் எளிது. பழைய காலத்துப் பெயின்டில் ஈயம் கலந்திருப்பார்கள், நாள்பட நிற்க வேண்டும் என்று. ஈயம் கலந்த பெயின்ட் நாக்கில் இனிக்கும். அது கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அனல் காட்டி இளக்கினால்தான் சீக்கிரம் வரும். இனிக்காத பெயின்டுக்கு உப்புத்தாள் போதும், தேய்த்தால் வந்துவிடும். ஆகவே எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், முதலில் நகத்தால் ஒரு சில்லைப் பெயர்த்து நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது. எல்லோரும் செய்தார்கள், ஆனால் சித்தப்பாவின் நாக்குதான் தீர்ப்பு. மேஸ்திரி கீழே நின்று கத்துவார்: "நாக்கு, இனிக்குதா?" மேலே இருந்து பதில் வரும்: "இனிக்குது, அடுப்பை ஏத்து!" அல்லது, "சப்புனு இருக்கு, தாள் போதும்!"

இதெல்லாம் குட்டியைப் பார்த்த டாக்டரம்மாவுக்குத் தெரியாது. குட்டிக்கு அடிக்கடி வயிற்றுவலி. பள்ளிக்கூடத்தில் நேற்றுச் சொன்ன வார்த்தை இன்று மறந்துபோனது. எதற்கெடுத்தாலும் அழுகை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி: "அப்பா என்ன வேலை பாக்கறாரு?" ரத்தத்தில் ஈயம் என்றார். அப்பாவின் தலைமுடியில், சட்டையில், செருப்பில் தூசியாக வீட்டுக்கு வந்து, தரையில் விளையாடும் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகிறது என்றார். சித்தி அதைக் கேட்டபோது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது என்று பின்னால் என் அம்மாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் சொன்ன வார்த்தையைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு வேலை, இல்ல பிள்ளை" என்றாள் சித்தி.

"வேற என்ன வேலைடி தெரியும் எனக்கு? வேலை இடத்துலயே குளிச்சுட்டு, துணி மாத்திட்டு வந்தா போதும்னு டாக்டரே சொன்னாங்களே."

"அப்ப குளிங்க. ரத்தத்துல ஈயம் இறங்கட்டும். இறங்கினப்புறம் வர்றோம்."

அவ்வளவுதான் பேச்சு. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டையாக இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று பின்னாலேயே வந்திருக்கும்.

அப்போது அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தது ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில். அலுவலகமாக மாற்றப் போகிறார்கள். நீள நீளமான வராந்தாக்கள், பட்டை பட்டையாக மூடித் திறக்கும் மர ஜன்னல்கள். சித்தப்பா கட்டடத்தின் பின்பக்கம், குழாய் இருந்த மூலையில், தார்ப்பாய் கட்டி ஒரு மறைப்புச் செய்தார். தண்ணீர் பிடிக்க ஒரு டிரம். வேலைத் துணிக்கு ஒரு ஆணி, வீட்டுத் துணிக்குத் தள்ளி இன்னொரு ஆணி. வேலை முடிந்ததும் தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை, வேறு செருப்பு.

கூட்டத்தில் நெட்டை என்று ஒருவன். சாரம் இல்லாமலே மேல்சட்டத்தைத் தொடுவான், வாயும் அதே உயரம்.

"என்னண்ணே, சென்ட் வாசனை தூக்குது. பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"இருக்கற பொண்ணைப் பாக்கத்தான்டா போறேன்" என்றார் சித்தப்பா.

முகமூடி போட்டபோது, "குதிரைக்குக் கொள்ளுப்பை கட்டினாப்புல இருக்கு" என்றான். ஈயம் என்ற பேச்சு வந்தால், "ஈயத்தைப் பாத்து இளிச்சுதாம் பித்தளை" என்று பல்லைக் காட்டுவான். சுரண்டுவதற்கு முன் பெயின்ட் மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கினால் தூசி பறக்காது என்று சித்தப்பா செய்ய ஆரம்பித்தபோது, மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "என்னப்பா, செடிக்கா தண்ணி ஊத்தறே? இப்பிடி நனைச்சு நனைச்சு எடுத்தா கட்டடம் முடியறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்."

"பேரன் நல்லபடியா பொறக்கணும்ல?"

மேஸ்திரி இடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். கொஞ்ச நாளில் தார்ப்பாய்க்குப் பின்னால் ஆணிகள் கூடின. மனைவி முழுகாமல் இருந்த ஒருவன் முதலில் வந்தான். பிறகு இன்னும் சிலர். கடைசியில் நெட்டையும் வந்தான், "சோப்பு ஓசின்னா யாருதான் வரமாட்டா" என்று சொல்லிக்கொண்டே.

எல்லாவற்றையும் நனைக்க நேரம் இல்லை. அதனால் இனிக்கிற பெயின்டை ஈரமாக எடுப்பது, இனிக்காததை வழக்கம்போல உலர்ந்தபடியே தேய்ப்பது என்று ஏற்பாடு. அதாவது, முன்பு வேலைக்காக நாக்கை நீட்டியவர், இப்போது பாதுகாப்புக்காக நீட்டினார். முன்னைவிட அதிகமாக நீட்டினார். ஒவ்வொரு ஜன்னலையும், ஒவ்வொரு நிலையையும். விஷம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க விஷத்தையே நாக்கில் வைத்துப் பார்ப்பது அங்கே யாருக்கும் விபரீதமாகத் தோன்றவில்லை. அவர்கள் கையில் இருந்த ஒரே கருவி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். கேட்டுக்கு வெளியே, தெருவோரமாக நிற்பார். என் அம்மா, "உள்ள வாங்க தம்பி, தெருவுல நின்னு பேசறதா நல்லாயிருக்கா?" என்பாள். "இல்லீங்க, காத்தோட்டமா இருக்கு" என்பார். குட்டி கேட்டின் கம்பிகளுக்கு உள்ளே, அவர் வெளியே. அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லுவாள். அவர் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே இருக்கும். போகும்போது சித்தியிடம், "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று அவள் கேட்காத கேள்விக்குத் தானே பதில் சொல்வார்: "சமைக்கறேன். ஆனா நாக்கு செத்துப்போச்சு. எதைத் தின்னாலும் மண்ணு மாதிரிதான் இருக்கு."

தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற எல்லா ஆண்களும் சொல்கிற வார்த்தைதான். சித்திக்கு அதைக் கேட்டால் கொஞ்சம் இளகும். முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆனால் அடுத்த வாரம் ஒரு டப்பாவில் ஏதாவது கட்டிக் கேட்டுக் கம்பி வழியாக நீட்டுவாள். அவர் அதை அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு, "இதான் சாப்பாடு" என்பார்.

பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் இறங்கியது. மெதுவாக, ஆனால் ஒவ்வொரு தடவையும் இறங்கியது. பள்ளிக்கூட லீவுக்கு அப்பா வீட்டுக்குப் போய் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. சித்தியும் கூடப் போகச் சம்மதித்தாள்.

சித்தப்பா அந்தச் சேதி கேட்ட நாளிலிருந்து வீட்டைக் கழுவினார். சுவரைக்கூட ஈரத்துணியால் துடைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் கழித்துப்போட்ட பட்டை ஜன்னல் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு கட்டில் செய்தார். ஜன்னல்தான் தலைமாடு. சுரண்டியது, தேய்த்தது எல்லாம் வேலை இடத்திலேயே. ஒரு துளித் தூசியும் வீட்டுக்கு வரவில்லை. தேய்த்து முடித்தபின் பட்டைகளுக்கு நடுவில் நாக்கு நுனியை வைத்துப் பார்த்தார். இனிக்கவில்லை. இன்னொரு பட்டை. இனிக்கவில்லை. வார்னிஷ் வாசனை பிள்ளைக்கு ஆகாது என்று அதையும் அடிக்காமல் விட்டார்.

குட்டிக்கு அந்தக் கட்டில் ஒரு டிக்கெட் கவுன்டர். பட்டைகளை டக்கென்று திறப்பாள், "எந்த ஊருக்கு?" என்பாள். அவர் எந்த ஊரைச் சொன்னாலும், "பஸ் போயிடுச்சு, நாளைக்கு வா" என்று மூடிவிடுவாள். திறப்பாள், மூடுவாள். லீவு முழுக்க அதே ஆட்டம். சித்தி சமையலறையிலிருந்து, "டிக்கெட்டாவது குடுடி பாவம்" என்று குரல் கொடுப்பாளாம். அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்த கடைசி நாள்கள் அவை.

லீவு முடிந்து ரத்தம் எடுத்தபோது ஈயம் ஏறியிருந்தது. நன்றாகவே. சித்தி பிள்ளையோடு மறுபடி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டருகே நடந்ததை நான் ஜன்னலிலிருந்து கேட்டேன். சித்தி சத்தம் போடவில்லை.

"குளிக்கறேன், துணி மாத்தறேன்னு சொன்னதெல்லாம் பொய்தானே?"

"இல்லம்மா. நெட்டையைக் கேளு. மேஸ்திரியைக் கேளு."

"பின்ன எப்படி ஏறிச்சு? வானத்துலேருந்து கொட்டிச்சா?"

செய்த தவறு என்னவென்று தெரிந்தால் மன்னிப்பாவது கேட்கலாம். செய்யாத பொய்க்கு எப்படிக் கேட்பது? கேட்டிலிருந்து திரும்பி நடந்தார். அன்று டப்பா நீட்டப்படவில்லை.

எப்படி ஏறியது என்பதற்குப் பதில் தேநீரில் வந்தது. நெட்டைக்கு ஒரு நாள் குறும்பு. எல்லோருக்கும் சர்க்கரை போட்ட தேநீரைக் கொடுத்துவிட்டு, சித்தப்பாவின் தம்ளரில் மட்டும் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி நீட்டினான். எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தபடி காத்திருந்தார்கள். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். தம்ளரைக் காலி செய்து கவிழ்த்து வைத்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்ல சூடு."

"இனிப்பு?"

"சரியாத்தான் இருக்கு."

சிரிப்பு கிளம்பியது. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நெட்டையின் முகம்தான் முதலில் மாறியது. "அண்ணே, அது உப்புண்ணே" என்றான். சித்தப்பா தம்ளரை நிமிர்த்தி, அடியில் கரையாமல் கிடந்த உப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கரகரவென்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

வீட்டில் யாரும் இல்லாததால்தான் சாப்பாடு ருசிக்கவில்லை என்று அவர் அத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். நாக்கு செத்துப்போச்சு, நாக்கு செத்துப்போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், சொன்னது அப்படியே உண்மை என்று அன்றுதான் அறிந்தார். ஈயத்தால் வந்ததா, பெயின்டுக்கு அனல் காட்டும்போது வருடக்கணக்காக இழுத்த புகையால் வந்ததா என்று டாக்டரம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெண்டாட்டி பிரிந்த துக்கம் என்று அவர் வைத்திருந்த கணக்கு மட்டும் தப்பு.

ஆனால் தம்ளரைப் பிடித்தபடி நின்ற அந்த நிமிஷத்தில் அவர் டாக்டரை நினைக்கவில்லை. கட்டிலை நினைத்தார். இனிக்கவில்லை, இனிக்கவில்லை என்று பட்டை பட்டையாகத் தீர்ப்புச் சொன்னாரே, அதை. பட்டைகள் சுழலும் குழிகளுக்குள் சுரண்டும் தகடு போகாது. அங்கே பழைய வெள்ளை அப்படியே இருந்திருக்கும். பிள்ளை ஒவ்வொரு முறை கவுன்டரைத் திறந்து மூடியபோதும் அது மாவாக அரைபட்டு அவள் தலையணையில் விழுந்திருக்கும்.

அடுத்து வராந்தாவைப் பார்த்தார். சப்பென்று இருக்கிறது என்று அவர் சொன்ன கைப்பிடியை இரண்டு பேர் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டு உலர்ந்தபடியே தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "நான் இனிக்கலைன்னு சொன்னது எல்லாத்தையும் மறந்துடுங்க. எல்லாத்தையும்."

மேஸ்திரி ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்தார். "நீயே இப்பிடிச் சொன்னா? இனி எதை வச்சுய்யா பாக்கறது?"

"பாக்கவே வேணாம். எல்லாமே இனிக்குதுன்னு வச்சுக்குங்க. எல்லாத்தையும் நனைங்க."

"முடிக்கவே முடியாதுய்யா."

"அப்ப முடிக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து எந்தச் சில்லையும் யாரும் வாயருகே கொண்டுபோகக் கூடாது என்று நின்றார். அந்தக் கூட்டத்தில் அவருக்கு இருந்த ஒரே பெருமையை அவரே கழற்றி வைத்தார்.

கட்டிலை பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டி, ஈயக் குப்பை எடுக்கும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு கேட்டருகே வந்து நின்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம். கட்டில் காரணம் என்பதை மட்டும் சொல்லி, நாக்கை விட்டிருக்கலாம். அவருக்கு அப்படிப் பாதியாகச் சொல்ல வரவில்லை. சித்தி முழுவதும் கேட்டாள். பொய் சொல்லவில்லை என்பது தெரிந்ததும் அவள் தோள் ஒரு கணம் தளர்ந்ததைப் பார்த்தேன். கேட்டைத் திறந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"அப்ப இத்தனை வருஷமும் நக்கிப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தீங்களா?" என்றாள்.

"ஆமா."

"அந்த வாயாலதான் பிள்ளைக்கு முத்தம் குடுத்தீங்களா?"

அவர் கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். டாக்டரைக் கேட்டிருந்தால், முத்தத்தில் அவ்வளவு இல்லை, தூசியில்தான் எல்லாம் என்று சொல்லியிருப்பார். ஆனால் சில வாக்கியங்கள் டாக்டரிடம் கேட்பதற்காகச் சொல்லப்படுவதில்லை.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் தடுக்கவில்லை. சித்தி தனி வீடு பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதத்துக்கு ஒன்றானது, பிறகு பிறந்தநாளுக்கு ஒன்றானது. சித்தி ஒரு கட்டத்தில் "உள்ள வரச் சொல்லு" என்றே சொல்லியிருக்கிறாள். அவர்தான் வரவில்லை. குட்டிக்கு ஈயம் மறுபடி இறங்கி, இறங்கியபடியே நின்றது. சில வார்த்தைகள் மட்டும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாக வரும். அவள் வளர்ந்தாள். நான் ஊர் ஊராகச் சுற்றப் போய்விட்டேன்.

பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, ஓர் அறை கிடைக்கும் வரை சித்தப்பா வீட்டின் பின்னறையில் தங்கினேன். இப்போது அவர் சுரண்டுவதில்லை. வேலை ஆரம்பிக்கும் முன் தரையில் பிளாஸ்டிக் விரிப்பது, நனைப்பது, குளிக்கும் இடம் கட்டுவது, வடிகட்டி வைத்த முகமூடி முகத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது, இதுதான் அவர் வேலை. புது ஆள்களுக்கு அவர் நாக்கண்ணன் இல்லை, ஈரத்துணி அண்ணன். அந்தப் பழைய பெயரை எதற்கு வைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வீடு ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். இரண்டு துணிக்கொடி, இரண்டு வாளி. கூடத்தின் ஜன்னலோரம் ஒரு கட்டில் அளவுக்குக் காலி இடம். அங்கே அவர் எதையும் வைக்கவில்லை, நடந்து போகும்போதுகூட அதைச் சுற்றித்தான் போனார். தினமும் சமைத்து என் தட்டில் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு சித்தப்பா."

"காரம்?"

"அளவா இருக்கு."

அதன் பிறகுதான் தனக்குப் போட்டுக்கொள்வார். நான் இல்லாத நாள்களில் யாரைக் கேட்பீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "கேக்கறதில்ல" என்றார். "கையளவா போட்டுச் சாப்பிடறதுதான். சரியா தப்பான்னு சொல்ல ஆள் இல்லேன்னா ரெண்டும் ஒண்ணுதானே." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அன்று கூட ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை, நான் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் போனை நீட்டியபடி அறை வாசலில் வந்து நின்றார். அவருடைய போனில் மேஸ்திரியைத் தவிர யாரும் குரலில் சேதி அனுப்புவதில்லை. "இதை எப்படிக் கேக்கறது? குட்டி பேரு வருது" என்றார். நான் அழுத்திவிட்டு மேசைமேல் வைத்தேன். அவர் உட்காரவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து கேட்டார்.

"அப்பா, நான்தான். வேலைக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்திருக்கேன். பழைய கட்டடம். ஜன்னல் இருக்குல்ல, அந்த... என்ன சொல்வாங்க... பட்டை பட்டையா, நம்ம டிக்கெட் கவுன்டர் மாதிரி. திறந்து மூடினா வெள்ளையா உதிருது. நான் தொடலை. நீங்க சொல்வீங்களே, அந்த மாதிரி இனிக்குதுன்னே வச்சுக்கிட்டேன். ஈரத்துணி போட்டு வச்சிருக்கேன், மிச்சத்தை என்ன பண்றதுன்னு தெரியல. அம்மாகிட்ட கேட்டேன். உங்கப்பாவையே வந்து பாக்கச் சொல்லுன்னாங்க. ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? வந்து கேட்டுல நின்னுடாதீங்க, ரூம் மூணாவது மாடி, ஏறி உள்ள வரணும். குளிக்க இங்கயே தண்ணி வருது. மாத்துச்சட்டை மட்டும் எடுத்துட்டு வாங்க."